இங்கிலாந்து மாவட்ட கவுன்சில் முடிவுத் தாள்: ஓட்டுக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கோத்தகிரி:
ஒரு வார்டு முடிவைப் பார்த்தேன். வேட்பாளர்கள் வாங்கிய ஓட்டைக் கூட்டினால், ஓட்டுப் போட வந்தவர்களைவிட இரண்டரை மடங்கு வருகிறது. மூன்று பேர் ஜெயித்ததாகவும் போட்டிருக்கிறது. நம்ம பேரூராட்சியில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்தானே? இதில் கட்சிக்கு எத்தனை சதவீதம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

குன்னூர்:
அது மூன்று கவுன்சிலர் வார்டு. 2019 ஊராட்சித் தேர்தலில் நமக்கு நான்கு நிறத்தில் நான்கு ஓட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை. அங்கே ஒரே சீட்டில் மூன்று பெயர் வரை பென்சிலால் பெருக்கல் குறி போடலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் மூவர் ஜெயிப்பார்கள்.

உதாரணத்துக்கு: வாக்காளர் 6,000, பதிவான சீட்டு 2,100, அதாவது 35 சதவீதம். ‘அ’ கட்சியின் மூவர் 1,050, 1,000, 950. ‘ஆ’ கட்சி 800, 700, 600. ஒரு சுயேச்சை 500. மொத்தம் 5,600. மொத்தத்தை வைத்துப் பார்த்தால் ‘அ’வுக்கு 53.6 சதவீதம், சுயேச்சைக்கு 8.9தான். ஆனால் வந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அந்தச் சுயேச்சைக்குப் போட்டிருக்கிறார்! அதனால் கட்சிக்கு ஒருவர் என்று, அதிகம் வாங்கியவரை மட்டும் எடுங்கள்: 1,050, 800, 500. ‘அ’ 44.7, சுயேச்சை 21.3. இரண்டு ஊடகங்களில் வேறு வேறு சதவீதம் வந்தால், முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பதிவு சதவீதத்தை எப்போதும் சீட்டு எண்ணிக்கையிலிருந்தே போடுங்கள்.

கேத்தி:
தாளின் அடியில் இருக்கும் செல்லாத ஓட்டு விவரத்தையும் விடாதீர்கள். மூன்றுக்குப் பதில் ஒரே குறி போட்டிருந்தால் அது செல்லும். நான்கு போட்டால் சீட்டு முழுவதும் போச்சு. வெறும் சீட்டு, போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்து, இவையும் தள்ளுபடி. எண்ணிக்கை கையால்தான், மூன்று குறியும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகளைக் கட்டாக எண்ணிவிடுவார்கள். கலந்து போட்டவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் கட்டம் போட்ட தாளில் கோடு போடுவார்கள், நேரம் இழுப்பது அங்கேதான். சமமாக வந்தால் குலுக்கல். டெபாசிட் என்பதே இந்தத் தேர்தலில் கிடையாது.

கூடலூர்:
வார்டை விட்டு மொத்த கவுன்சிலைப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல். சில கவுன்சிலில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடத்துக்கும் தேர்தல்; சிலவற்றில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி. ஆக்ஸ்போர்டு நகர கவுன்சிலில் 24 வார்டு, 48 கவுன்சிலர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதிப் பேருக்குத்தான் தேர்தல். அங்கே ‘இத்தனை இடம் ஜெயித்தது’ என்பது கட்சியின் மொத்த பலம் ஆகாது. பழைய இடங்களையும் சேர்த்துத்தான் பெரும்பான்மை பார்க்க வேண்டும்.

கோத்தகிரி:
தெளிவாகிவிட்டது, நன்றி. யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால்?

கூடலூர்:
நம்ம நகராட்சி மாதிரிதான். 2022-ல் பிப்ரவரி 22 முடிவு வந்தது, தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தது மார்ச் 4. அங்கேயும் பெரும்பாலான கவுன்சில்களில் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், மே மாத ஆண்டுக் கூட்டத்தில். யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதை அந்தக் கூட்டத்தின் குறிப்பில் பாருங்கள். முடிவுத் தாளில் இருக்காது.