முதல் வாள்: பயிற்சி வாளா, பழைய வாகிசாஷியா?

கார்முகில்: ஒசாகாவில் வேலை. இயாய்டோ என்ற ஜப்பானிய வாள் உருவும் கலை வகுப்பில் சேர்ந்து இதுவரை மரவாள்தான் சுழற்றுகிறேன். இணைய ஏலத்தில் வாகிசாஷி எனும் பழைய குட்டை வாள்கள் நினைத்ததைவிட மலிவாக வருகின்றன. முதல் வாளாக எடுக்கலாமா?

வேல்விழி: வேண்டாம் சகோ. வகுப்புக்கு இயாய்த்தோ எனப்படும் பயிற்சி வாள்தான் சரி. துத்தநாக-அலுமினியக் கலவை, கூர் கிடையாது. எஃகு இல்லாததால் அரசுப் பதிவுச் சான்றும் வேண்டாம். வாகிசாஷி சுமார் 60 செ.மீ.க்குள் அடங்கும் குட்டை வாள். நீங்கள் கற்கும் உருவல் முறைகள் பெரும்பாலும் நீள வாளுக்கானவை. உறைக்குள் திரும்பச் செலுத்தும்போது வாளின் முதுகு இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உராய்ந்துதான் போகும். கூர் வாள் அங்கே கொஞ்சம் புரண்டால் என்ன ஆகும்? பயிற்சி வாளிலும் முனை குத்தும், கவனம்.

பழம்பித்தன்: வகுப்புக்குச் சரி. ஆனால் வாளை அறிய ஆசைப்படுகிறவருக்கு அது ஒன்றையும் காட்டாது. அதிலுள்ள ஹமோன், அதாவது கூர் விளிம்போர அலைக்கோடு, வெறும் அலங்காரம். களிமண் பூசிச் சூடாக்கி நீரில் அமிழ்த்திய எஃகை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: விளிம்போரம் பனி படர்ந்தாற்போல் வெண்மை, அதற்குள் தனித்தனியாக மின்னும் பொடித் துகள்கள். கண் பழக எடோ காலத்து (1603–1868) வாகிசாஷி ஒன்று போதும்.

வேல்விழி: படத்தைப் பார்த்தா வாங்குவது? ஹகிரே, அதாவது கூர் விளிம்பிலிருந்து குறுக்கே ஏறும் மயிரிழை விரிசல், ஏலப் படத்தில் பிடிபடாது. அது இருந்தால் வாள் போச்சு. துருப்பிடித்ததை மலிவென்று எடுத்துத் தீட்டக் கொடுத்தால் கூலியே வாள் விலையைத் தாண்டிவிடும்.

பழம்பித்தன்: ஏலத்தில் எடுக்கச் சொல்லவில்லையே! கடைக்குப் போய் நேரில் பாருங்கள். ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் ‘ஹோசோன்’ (பாதுகாக்கத் தக்கது) சான்று உள்ளதாக எடுங்கள். அரசுப் பதிவுச் சான்று வேறு. அது இல்லாத எஃகு வாளைத் தொடவே கூடாது. வாங்கிய 20 நாளுக்குள், பதிவு செய்த மாகாணத்தின் கல்விக் குழுவுக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

நீலன்: பராமரிப்பும் சுலபம்தான். மாதம் ஒருமுறை உச்சிகோ பொடியைத் தட்டித் துடைத்து, சோஜி எனும் வாள் எண்ணெய் பூசினால் முடிந்தது.

பழம்பித்தன்: பொடி வேண்டாம் நீலன்! அது சாணைக்கல் மாவு.

நீலன்: தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்களே. கெடுதல் என்றால் பராமரிப்புப் பெட்டியில் ஏன் வைக்கிறார்கள்?

பழம்பித்தன்: பழைய எண்ணெயை இழுத்தெடுக்கத்தான் பொடி. தூய ஆல்கஹாலும் மென்துணியும் அதே வேலையைக் கீறாமல் செய்கின்றன. புதியவர் அழுத்தித் தேய்ப்பார். தீட்டுநர் கல் மேல் கல் மாற்றிக் கொண்டுவந்த பரப்பு மங்கிவிடும். எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியான நகாகோவின் கருந்துருவை மட்டும் சுரண்டிவிடாதீர்கள். வாளின் வயதைச் சொல்வதே அதுதான்.

வேல்விழி: பயிற்சி வாளுக்கும் பொடி ஆகாது, மேலே குரோம் முலாம். அதைவிட முக்கியம் கைப்பிடியிலுள்ள மெகுகி என்ற மூங்கில் ஆணி. ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் வீசும்போது அலகு கழன்று பறக்கும், எதிரே நிற்பவர் கதி? நான் சொன்னதுதான் கார்முகில்: முதலில் பயிற்சி வாள்.

கார்முகில்: நீளத்தை ஆசிரியரிடம் கேட்டுப் பயிற்சி வாளுக்கே சொல்கிறேன். பித்தன் சார், கடையில் வாளைக் கையில் வாங்க முறை ஏதும் உண்டா?

பழம்பித்தன்: அனுமதி கேட்டுவிட்டு மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். அலகில் விரல் படக்கூடாது. அதன்மேல் குனிந்து பேசவும் வேண்டாம். எச்சில் தெறித்த இடம் துருப்பிடிக்கும்.