மறு: தொனிப்பிழையா, தொனிமயக்கமா?

வணக்கம்.

> சமூக மன்றத்தில் மூத்தோருக்கு நடத்தும் கைப்பேசி வகுப்புக்காகக் கையேடு எழுதுகிறோம். ஒருவர் சாதாரணமாக எழுதியதை இன்னொருவர் கோபமாக எழுதியதாகப் படித்துவிடுகிறாரே, அதற்கு ஒரு சொல் வேண்டும். 'தொனிப்பிழை' போதுமா?

போதாது என்பது என் எண்ணம். 'தொனி'யோடு எனக்குச் சண்டை இல்லை. வடசொல்தான், ஆனால் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குக் காய் வாங்க வரும் பாட்டியும் "அவன் பேசின தொனியே சரியில்ல" என்பார். அதற்குப் பதில் 'குறிப்பு' என்று வைக்கலாமே என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டு, 71உம் 110உம். ஒன்று அரசவைக்கு, மற்றது காதலுக்கு. இரண்டிலும் குறிப்பை அறிவது முகத்தையும் கண்ணையும் பார்த்து. வாட்ஸ்அப்பில் இல்லாத சரக்கே அதுதான்.

எனக்கு உறுத்துவது 'பிழை'. பிழை என்றதுமே யாருடைய பிழை என்று தேட ஆரம்பித்துவிடுவோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நடந்ததைச் சொல்கிறேன். செடி கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம், அதில் பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. கறிவேப்பிலைக் கன்றுக்கு என்ன உரம் போடுவது என்ற பேச்சு. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், "நீர் சொன்னது எனக்கு விளங்கேல்லை" என்று எழுதினார். உரம் சொன்ன மதுரைத் தம்பி கொதித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் நிற்கும் சொல், கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் மரியாதை. மதுரைக் காதில் அது நாடக ராஜா சேவகனை அதட்டுவதுபோல் விழுந்திருக்கிறது. "யாரைப் பார்த்து நீர் என்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா பதிலுக்கு "சரி." என்று மட்டும் போட்டார், முற்றுப்புள்ளியோடு. அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் இரண்டு நாள் ஓடியது. இங்கேயே வளர்ந்தவராக இருந்தால், சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வைச் சேர்த்து 'சரி லா' என்று போட்டிருப்பார், அத்தோடு ஆறியிருக்கும்.

இதில் பிழை செய்தது யார்? என்னால் சொல்ல முடியவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. மின்னஞ்சலில் கேலியாகவும் நிஜமாகவும் சில வரிகளை எழுதச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்ததோ 56 தடவை. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வரும்! எழுதும்போது நம் குரல் நம் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது எழுத்தோடு சேர்ந்து போவதில்லை. (கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் 1982இல் சிரித்த முகக் குறியை முன்மொழிந்ததும் கேலியைப் பிரித்துக் காட்டத்தான். நம்ம சிங்கப்பூர் கர்ட்டசி கேம்பெய்ன், அதாவது மரியாதை இயக்கத்தின் சின்னமான சிங்கா சிங்கம் வந்ததும் அதே வருடம். மரியாதைக்கு அந்த ஆண்டில் ஏதோ ராசி.)

ஆகவே 'தொனிமயக்கம்'. நம் இலக்கணத்தில் ஏற்கனவே உருபு மயக்கம், கால மயக்கம், திணை மயக்கம் எல்லாம் உண்டு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது. 'காலத்தினால் செய்த' என்று வள்ளுவர் எழுதியதைக் 'காலத்தின்கண் செய்த' என்று விளக்கி உருபு மயக்கம் என்பார்கள், தப்பு என்று யாரும் சொல்வதில்லை.

> உருபு மயக்கத்தில் படிப்பவர் சரியான பொருளுக்கு வந்துவிடுகிறார். நீங்கள் சொல்வதில் வருவதே இல்லையே? தவிர, மூத்தோருக்கு மயக்கம் என்றால் தலைசுற்றல்.

முதல் கேள்வி நியாயமானது, ஒப்புமை முழுதாகப் பொருந்தவில்லைதான். ஆனால் 'மயங்கு' என்ற வினைக்குக் கலப்பது, குழம்புவது என இரண்டு பொருளும் இருக்கின்றன. எழுத்தில் தொனி கலந்துவிடுகிறது, படிப்பவர் குழம்புகிறார். ஒரே சொல் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிறது. 'தொனித்திரிபு' என்ற உங்கள் மாற்றுச்சொல்லில் யாரோ வேண்டுமென்றே திரித்த வாடை அடிக்கிறது, மன்னிக்கவும்.

தலைசுற்றலுக்கு வருவோம். தனிச்சொல்லாக நின்றால் ஆபத்துதான். அதனால் கையேட்டில் முதலில் வாக்கியமாகப் போடுங்கள்: "எழுத்தில் தொனி மயங்கும். கோபம் வந்தால் உடனே பதில் போடாமல் 'இதை எப்படிச் சொன்னீர்கள்?' என்று கேளுங்கள்." பெயர்ச்சொல் அடுத்த பக்கத்தில் வரட்டும். வினையாகவும் நடக்கிறது பாருங்கள். 'தொனி பிழைத்தது' என்று எழுதினால் அது உயிர் பிழைத்த கதையாகிவிடும்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதாகச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்து அன்பர்கள் யாராவது அதற்குள் 'நீர்' பற்றி நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொன்னால், அந்த உதாரணத்தையும் சேர்த்துவிடலாம்.