கலை வரலாறு படிக்காத ஒக்வி என்வேசோரிடம் டாக்குமென்டா எப்படி வந்தது?

கேள்வி:
1963இல் நைஜீரியாவின் கலபாரில் பிறந்த ஒக்வி என்வேசோர், அமெரிக்காவுக்குச் சென்று அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றவர். நியூயார்க்கில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். கலை வரலாற்றில் பட்டமில்லாத அவரிடம், ஜெர்மனியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரும் சமகாலக் கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை (டாக்குமென்டா 11) அமைக்கும் பொறுப்பு எதை நம்பி ஒப்படைக்கப்பட்டது? ஐரோப்பியர் அல்லாத ஒருவருக்கு அப்பொறுப்பு கிடைத்தது அதுவே முதல்முறை என்பதால் கேட்கிறேன்.

பதில் 1:
முதலில் ஓர் இதழை நம்பி என்றே சொல்வேன். ஆப்பிரிக்கக் கலை என்றதும் மேற்கத்திய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் முகமூடிகளையும் மரச்சிற்பங்களையுமே தேடிய காலத்தில், அவரும் நண்பர்களும் 1994இல் தொடங்கிய ‘என்கா’, உயிரோடிருக்கும் ஆப்பிரிக்கக் கலைஞர்களைப் பற்றி விரிவாக விவாதிக்க இடமளித்தது. 1996இல் நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க ஒளிப்படக் கண்காட்சியை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். பூவேலைத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, மாலி நாட்டுத் தலைநகர் பாமாகோவின் மக்களைப் படமெடுத்த சேய்டு கெய்டாவின் உருவப்படங்கள் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு அவர் பொறுப்பேற்ற ஜோகன்னஸ்பர்க் பைன்னாலே (ஈராண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தில் நடக்கும் கலைக் கண்காட்சி) பணமின்றி முன்கூட்டியே மூடப்பட்டாலும், அவருடைய பெயர் அதனால் குறையவில்லை.

பதில் 2:
அரசியல் அறிவியல் வீண்போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் காசல் நகரில் நூறு நாள் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சியை அவர் ஐந்து மேடைகளில் கடைசியாக வைத்தார். முதல் நான்கும் கருத்தரங்குகள், பட்டறைகள்: வியன்னாவிலும் பெர்லினிலும் மக்களாட்சி பற்றி, புதுடெல்லியில் உண்மை அறியும் ஆணையங்களும் நீதியும் பற்றி, கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் கலப்புப் பண்பாடு பற்றி, நைஜீரியாவின் லாகோஸில் ஆப்பிரிக்க நகரங்கள் பற்றி. படங்களை மாட்டுவதற்கு முன்பே ஓராண்டுக்கு மேல் விவாதம் நடந்திருக்கிறது. அவரை அறிஞர் என்று அழைப்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பதில் 3:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. 2015இல் வெனிஸ் பைன்னாலேயில், மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைக் கண்காட்சிக் கூடத்திலேயே மாதக்கணக்கில் உரக்க வாசிக்க ஏற்பாடு செய்தார். பெரும் பணக்காரர்கள் கூடும் இடத்தில் அது துணிச்சல்தான். ஆனால் கண்ணுக்கு விருந்தளிக்க வேண்டிய இடத்தில் கோட்பாடே கோலோச்சியது. என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆய்வு பழுத்தது மியூனிக்கில்தான். நாஜிகள் தாங்கள் ஏற்ற ஜெர்மானியக் கலைக்காக 1937இல் திறந்த ஹவுஸ் டெர் குன்ஸ்ட் கட்டடத்தில், 1945 முதல் 1965 வரையிலான கலையை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றையும் சேர்த்து 2016இல் காட்சிப்படுத்தினார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்குடன் தொடங்கி முடிந்துவிடும் வழக்கமான கதை அங்கே உடைபட்டது. கேள்வி கேட்டவர் அந்தக் கண்காட்சியின் கனத்த விளக்க நூலிலிருந்து தொடங்குவது நல்லது.