நான்கு ஸ்ட்ரோக் படகு மோட்டாருக்கு எந்த எண்ணெய்?

வணக்கம். மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறோம். பெர்னாம் ஆற்றில் அப்பா ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கும் படகில் 15 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார், 2016 மாடல்.

இரண்டு மாதமாக எஞ்சின் எண்ணெயின் அளவு குறைவதற்குப் பதில் ஏறுகிறது. அளவுக்கம்பியைத் துடைத்துப் பார்த்தால் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. விரலில் தேய்த்தால் தண்ணீர் போல ஓடுகிறது, பெட்ரோல் வாடை. அப்பா பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓட்டுவார்.

கடைக்காரர் சொன்னார் என்று கார் எண்ணெய் 10டபிள்யூ-40 ஊற்றினோம். அப்புறம் அதைவிடத் தடிப்பான 20டபிள்யூ-50. பிளக், தெர்மோஸ்டாட் இரண்டும் புதிது. மாற்றமில்லை. கையேட்டில் எஃப்சி-டபிள்யூ (நான்கு ஸ்ட்ரோக் படகு மோட்டார் எண்ணெய்க்கான தரக்குறி) 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. இங்கே கிடைப்பதோ இரண்டு ஸ்ட்ரோக்குக்கான டிசி-டபிள்யூ3தான். அதை எஞ்சின் எண்ணெய் இருக்கும் கிரேங்க்கேஸில் ஊற்றக்கூடாது என்பது தெரியும்.

நம் ஊர் வெயிலில், மெதுவாகவே ஓடும் மோட்டாருக்கு எஃப்சி-டபிள்யூ 10டபிள்யூ-30 போதுமா, 10டபிள்யூ-40 வாங்கவா?