அப்பப்பா வீடு (குடும்பக் குழு)

மாமி: றங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் திறந்தேன். ஐயாவுடைய கொப்பிகள் 11 இருக்கின்றன. ஒரு பக்கம் நாலாம் வகுப்புக் கணக்கு, மறுபக்கம் கந்தபுராணம்.

மாமி: 📷 படம்

நான்: நல்ல நேரத்தில் அனுப்பினீர்கள் மாமி. ஆறுமுக நாவலர் குருபூசைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் பேச வேண்டும். அப்பப்பாவைப் பற்றியும் சொல்ல ஆசை. அவர் ஏன் வாத்தியார் வேலையை விட்டார்?

பெரியப்பா: எனக்கு அப்போது 14 வயது. கோவிலில் புராணப் படிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். பயன் சொல்லுகிறவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எங்கள் சட்டம்பியார் (வாத்தியார்) சொல்லட்டும்" என்று ஐயாவைப் பிடித்து இருத்திவிட்டார்கள். சூரன் கடலில் மாமரமாக நின்ற இடம். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பின்னால் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கியது. அடுத்த வெள்ளி பக்கத்து ஊர்க்காரர் வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மாமி: ஆனால் உடனே வேலையை விடவில்லை, பிள்ளை. ஆறு வருடம் இரண்டையும் பார்த்தார். மாரிக்காலத்தில் நடுச்சாமத்தில் நனைந்து வருவார், விடிந்தால் பள்ளிக்கூடம். ஒரு நாள் வகுப்பில் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார். வாத்தியார் களைத்துவிட்டார் என்று பிள்ளைகள் சத்தம் போடாமலே இருந்தார்களாம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "பிள்ளைகளுடைய நேரத்தைக் களவெடுத்துவிட்டேன்" என்று அம்மாவிடம் அழுதார். அடுத்த மாதம் விலகிவிட்டார்.

தம்பி: அப்புறம் சாப்பாட்டுக்கு?

மாமி: பின்வளவில் மிளகாய், புகையிலை. எல்லாம் அம்மாவின் கைதான். பிரசங்கத்துக்கு ஐயா காசு கேட்கமாட்டார், தட்டத்தில் வைத்ததைக் கொண்டுவருவார். அம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். சுளித்தார். நான் பார்த்தேன். அதையும் சொல்லு பிள்ளை.

நான்: கட்டாயம் சொல்லுவேன் மாமி.

அண்ணா: நாவலரும் படிப்பித்துக்கொண்டு இருந்துதான் பிரசங்கத்துக்கு வந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியர், அவருடைய பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை. அந்த நேரத்தில்தான் 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் முதல் பிரசங்கம் செய்தார். 1848இல் அந்த வேலையை விட்டபோது வயது 25. அதே வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் கொடுத்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

நான்: அண்ணா, அப்படியே சொல்லப்போகிறேன். இரண்டு பேருமே வகுப்பைக் கோவிலுக்குக் கொண்டுபோனவர்கள்.

பெரியப்பா: ஐயாவை நாவலரோடு ஒப்பிடாதே பிள்ளை. நாவலர் அச்சுக்கூடம் வைத்தார், பாலபாடம் எழுதினார், உரைநடையையே வளர்த்தார். ஐயா நாற்பது ஐம்பது பேருக்குச் சொன்னவர். இன்னொன்று, சாதி விஷயத்தில் நாவலர் பழைய வழி. ஐயா அதை ஏற்கவில்லை. எல்லாரையும் கோவிலுக்குள் விடாத காலம். உள்ளே சொல்லி முடித்துவிட்டு வெளிவீதிக்கு வந்து, அங்கே நின்றவர்களுக்கு முதலிலிருந்து திரும்பச் சொல்லுவார். அதனால் இரண்டு கோவில்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

தம்பி: இது எனக்குத் தெரியாது பெரியப்பா.

மாமி: கடைசிக் கொப்பியை இப்போதுதான் விரித்தேன். கணக்கும் இல்லை, புராணமும் இல்லை. பெயர்கள். பெயருக்கு நேரே கட்டம் கட்டமாகக் கோடும் பூச்சியமும்.

அண்ணா: வரவு இடாப்பா?

மாமி: இடாப்புத்தான். பிரசங்கம் கேட்க வந்தவர்களுடைய இடாப்பு. ஆச்சிமார் பெயர்கூட இருக்கிறது.

பெரியப்பா: ஓம், இரண்டு வெள்ளி ஆளைக் காணவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சலோ என்று பார்க்க. நானும் பின்னால் இருந்து போயிருக்கிறேன்.

நான்: மாமி, அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.