துப்பு கிடைக்காவிட்டால் கதையே நின்றுவிடுகிறது: பகடையை எங்கே உருட்டுவது?

காசிமேட்டுக் கதைசொல்லி:
அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நால்வருக்கு ரோல்-பிளேயிங் கேம் நடத்தி வருகிறேன்; நான் கதையைச் சொல்ல, ஆளுக்கொரு பாத்திரமாகி அவர்கள் பேசி ஆடும் விளையாட்டு அது. கேரம் போர்டுதான் எங்கள் மேசை. சுற்றிலும் கட்டை இருப்பதால் பகடை கீழே உருண்டு ஓடாது. விதிகள் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்ற திகில் துப்பறியும் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பினுடையவை. கதைக்களத்தை மட்டும் நம் ஊருக்கு மாற்றிக்கொண்டேன். 1914 செப்டம்பர் 22, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தைப் பீரங்கியால் தாக்கிய நாள். அன்று மாலை கடற்கரைக் கிடங்கு ஒன்றின் கணக்கர் காணாமல் போகிறார். ராயபுரத்துப் படகோட்டி, பெரம்பூர் ஆலைத் தொழிலாளி, துறைமுகக் குமாஸ்தா, தங்கசாலைத் தெருவில் அச்சுக்கோப்பவர் ஆகிய நால்வரும் அவரைத் தேடி வருகிறார்கள்.

கிடங்கில் இருக்கும் பேரேட்டில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த தாளில், பென்சில் அழுந்திய தடம் மட்டும் தெரியும். அதைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும் என்று அமைத்திருந்தேன். கூர்ந்து நோக்கும் திறனுக்கு நால்வரும் பகடை உருட்டினார்கள், நால்வருமே தோற்றார்கள். அதன்பின் அரை மணி நேரம் அந்தக் கிடங்கையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அச்சுக்கோப்பவராக ஆடும் நண்பர் வாயே திறக்கவில்லை. துப்பை நானே சொல்லிவிட்டால் பகடைக்கு என்ன மதிப்பு? சொல்லாமல் இருந்தால் கதை எப்படி நகரும்? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வியாசை வாசகன்:
நண்பரே, நால்வரும் தோற்றதை வெறும் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். ஏழாம் பதிப்பில், பாத்திரத்தை உருவாக்கும்போது தனியாகப் புள்ளிகள் போடாதவருக்குக் கூர்ந்து நோக்கும் திறன், அதாவது அந்தப் பகடையில் வெல்லும் வாய்ப்பு, 25 சதவீதம்தான். அப்படிப்பட்ட நால்வர் உருட்டினால், நால்வரும் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். அதாவது மூன்று தடவைக்கு ஒரு தடவை கதை அங்கேயே நின்றுவிடும். இப்படி மூன்று துப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தீர்களானால், மூன்றையும் கடந்து முடிவுக்குப் போகும் வாய்ப்பே மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். குறை ஆடுபவர்களிடத்தில் இல்லை, பூட்டை வைத்த இடத்தில் இருக்கிறது.

ராபின் லாஸ் வடிவமைத்த ‘கம்ஷூ’ விதிமுறை இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே உருவானது. உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால், முக்கியமான துப்பு பகடையின்றியே கிடைத்துவிடும். துப்பைக் கண்டெடுப்பதைவிட, கிடைத்த துப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதில்தான் துப்பறியும் கதையின் சுவை இருக்கிறது என்பது அதன் அடிப்படை. அந்தக் கருத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

அப்படியானால் பகடை எதற்கு என்று கேட்பீர்கள். துப்புக்குக் கொடுக்கும் விலையை அது தீர்மானிக்கட்டும். உங்கள் கதையில் அந்த விலை தயாராகவே இருக்கிறது. எம்டன் தாக்கியது இரவு 9.30 மணியளவில், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றியதும் அப்போதுதான். கதையை மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். பகடையில் வென்றால் பென்சில் தடம் உடனே கண்ணில் படும். தோற்றாலும் படும், ஆனால் விளக்கைத் தேடி, பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அட்டையில் ஒரு கடிகாரம் வரைந்து போர்டின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு தோல்விக்கும் முள்ளை நகர்த்துங்கள். குண்டு விழப்போவது ஆடுபவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய பாத்திரங்களுக்குத் தெரியாது. முள் நகர நகர மேசையைச் சுற்றி வரும் பதற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

திருவொற்றியூர் பயணி:
மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. பாத்திரத்தை உருவாக்கும்போது கூர்ந்து நோக்கும் திறனில் 60, 70 என்று புள்ளிகளைக் கொட்டியவருக்கும், அதைத் தொடாதவருக்கும் ஒரே துப்பு ஒரே மாதிரி கிடைத்தால், முதலாமவர் எதற்காகப் புள்ளி போட்டார்? நேரம் மிச்சமாவது மட்டும் அவருக்குப் போதாது. ஆகவே துப்பை இரண்டாகப் பிரியுங்கள். அந்தத் தாளில் ஒரு முகவரி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். கதை நகர அது போதும். அந்தக் கையெழுத்து கணக்கருடையது அல்ல என்பது பகடையில் வென்றவருக்கு மட்டும் தெரியட்டும். தோற்றவர் மீண்டும் முயல விரும்பினால், ஏழாம் பதிப்பிலேயே அதற்கு விதி இருக்கிறது: புதிதாக என்ன செய்கிறார் என்று விளக்கிவிட்டு இரண்டாம் முறை உருட்டலாம், மறுபடியும் தோற்றால் விளைவு கடுமையாக இருக்கும். கிடங்கின் காவலாளி வந்து நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை:
அண்ணா, எல்லோரும் பகடையைப் பற்றியே பேசுகிறார்கள்; எனக்கு அந்த வாய் திறக்காத நண்பரைப் பற்றித்தான் கவலை. தெருக்கூத்தில் வேடம் கட்டி வருபவரைக் கட்டியங்காரன், நீ யார், எதற்காக வந்தாய் என்று கேட்டுக் கேட்டே பேச வைப்பான். கேம் மாஸ்டரின், அதாவது ஆட்டத்தை நடத்தும் உங்களுடைய, வேலையும் அதுதான். “எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?” என்று பொதுவாகக் கேட்டால், வழக்கமாகப் பேசுபவரே பேசுவார்.

அந்த நண்பருடைய பாத்திரம் அச்சுக்கோப்பவர் அல்லவா? ஈய எழுத்துகளை இடவலம் மாறிய நிலையில் நாள் முழுவதும் படிப்பது அவர் தொழில். பேரேட்டின் அருகே, எழுதிய மையை ஒற்றி எடுத்த தாள் ஒன்றையும் வையுங்கள். அதில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித்தான் இருக்கும். மற்ற மூவருக்கும் அது வெறும் மைக்கறை. அவரைப் பெயர் சொல்லி அழைத்து, “நீங்கள் மட்டும் இதைப் படித்துவிட்டீர்கள், மற்றவர்களிடம் சொல்லப் போகிறீர்களா?” என்று கேளுங்கள். பகடை வேண்டாம்.

காசிமேட்டுக் கதைசொல்லி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டைக் கடிகாரத்தையும் ஒற்றுத்தாளையும் செய்துவிடுகிறேன். இன்னும் ஒரே ஒரு ஐயம்: தோற்றால் அரை மணி நேரம் போகும் என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டுமா?

வியாசை வாசகன்:
கட்டாயம் முன்பே சொல்லுங்கள். எவ்வளவு இழப்போம் என்று தெரிந்தால்தான், பேரேட்டைப் புரட்டுவதா அல்லது நேரே துறைமுகத்துக்கு ஓடுவதா என்று அவர்கள் தங்களுக்குள் வாதிட முடியும்.