படகை நீருக்கு எதிரே நிறுத்திப் பக்கவாட்டில் நகர்த்துவது: தமிழில் என்ன சொல்லலாம்?

அடையாற்றிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

விசைப்படகு ஓட்டக் கற்பவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் ஓர் இடம் காலியாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் ஃபெர்ரி கிளைடிங் என்பார்கள். ஓடுகிற நீருக்கு எதிராகப் படகின் முகத்தைத் திருப்பி, நீர் எவ்வளவு வேகத்தில் வருகிறதோ அதே வேகத்துக்கு எஞ்சினை வைத்தால் கரையைப் பொறுத்தவரை படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நிலையில் முகத்தை ஒரு பக்கம் சிறிது திருப்பினால், முன்னும் போகாமல் பின்னும் வராமல் படகு அந்தப் பக்கமாக நகரும். இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு படகு நீளத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாக இடம் கிடைத்தால்கூட இப்படி நுழைத்துவிடலாம்.

என் பட்டியல்: துறைச்சறுக்கு, சாய்வோட்டு, நீர்த்தள்ளல், எதிரோட்டப் பக்கநகர்வு. நான்காவது சரியாக இருக்கிறது, ஆனால் படகில் நின்றுகொண்டு கத்துவதற்கு நீளம். கருத்துச் சொல்லுங்கள்.

காசிமேட்டிலிருந்து

முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள் ஐயா. சறுக்குவது என்றால் பிடி விட்டுப்போனது. இங்கே முழுப்பிடியும் ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. படகு நிற்பதுபோலத் தெரிந்தாலும் சுக்கானைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் சுக்கான் வேலை செய்யும். இந்த முறையின் உயிரே அதுதான். நீரோடு சேர்ந்து துறைக்கு வருகிறவருக்கு அது கிடைக்காது: கரையருகே வேகத்தைக் குறைத்தால் சுக்கான் செத்துவிடும், குறைக்காவிட்டால் துறையில் மோதும்.

'சாய்வு' இன்னும் ஆபத்து. படகு சாய்கிறது என்றால் எங்கள் காதில் அது ஒருபக்கம் கவிழப்போகிறது என்றுதான் விழும். கற்றுக்கொள்கிற பையனிடம் 'சாய்' என்று சொன்னால் அவன் உடம்பைச் சாய்ப்பான்.

பொதுவாகக் கரைக்குக் கொண்டுவா என்பதற்குப் படகிலும் வண்டியிலும் 'ஒதுக்கு' என்கிறோம். அதையே பிடித்துக்கொண்டால் என்ன?

கையேட்டுக்குச் செய்முறையும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். முதலில் நீரின் வேகம் தெரியவேண்டும். துறையை ஒட்டிப் பத்து மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு தூண்களைக் குறித்துக்கொண்டு, ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு நேரம் பாருங்கள். 20 நொடி ஆனால் ஏறக்குறைய ஒரு நாட், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல். 10 நொடியானால் இரண்டு நாட். அரை நாட்டுக்குக் கீழே என்றால் இந்த வேலையே வேண்டாம், சாதாரணமாக வந்து கட்டலாம்.

துறைக்கு நேரே, இரண்டு படகு அகலம் தள்ளி, நீரை எதிர்த்து நிறுத்துங்கள். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு பொருள்களை, உதாரணமாக ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் இருக்கிற ஒரு சுவர் மூலையையும், ஒரே கோட்டில் பாருங்கள். கோடு பிரியாமல் இருந்தால் படகு முன்பின் நகரவில்லை. தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அது கண்ணை ஏமாற்றும். கோடு நிலைத்த பிறகு முகத்தைத் துறைப்பக்கம் 10 முதல் 15 டிகிரி திறங்கள், அதாவது திருப்புங்கள். அதற்குமேல் வேண்டாம். கடைசி அரை மீட்டரில் முகத்தைத் திரும்ப நேராக்குங்கள். நேராக்கும்போது பின்பக்கம் துறையை நோக்கி வீசும், அதனால் பழைய டயர்களைப் பின்னால்தான் கூடுதலாகத் தொங்கவிட வேண்டும்.

பைபர் படகில் அவுட்போர்டு வைத்திருந்தால் ஒரு சிக்கல். தனிச் சுக்கான் கிடையாது, எஞ்சினைத் திருப்புவதுதான் திருப்பம். நீர் மெதுவாக ஓடும்போது, கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டாலே படகு முன்னால் போய்விடும். கியரைப் போட்டுப் போட்டு நியூட்ரலுக்கு எடுக்கவேண்டும். நியூட்ரலில் இருக்கும் நேரத்தில் திருப்பம் கிடைக்காது. ஆகவே முதலில் திருப்பு, பிறகு கியர்.

கிண்டியிலிருந்து

மூன்றாவதான 'நீர்த்தள்ளல்' பற்றி யாரும் பேசவில்லை. அழகான சொல், ஆனால் பொய் சொல்கிறது.

நீர் பக்கவாட்டில் மோதிப் படகைத் தள்ளுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டாத படகை ஓடும் நீர் தன்னோடு எடுத்துச் செல்லும், அவ்வளவுதான். பக்கவாட்டு நகர்வைத் தருவது எஞ்சின். நீரைப் பொறுத்துப் பார்த்தால் படகு தன் முகம் காட்டும் திசையில் நேராகத்தான் போகிறது. அந்தப் போக்கில் நீருக்கு எதிரான பங்கை நீரின் வேகம் தின்றுவிடுகிறது, குறுக்கான பங்கு மட்டும் மிஞ்சுகிறது. கரையில் நிற்பவருக்கு அது பக்கவாட்டு நடை.

கணக்கு எளிது. நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முகத்தை 15 டிகிரி திறந்தால், இடம் மாறாமலிருக்கப் படகு நீரில் நொடிக்கு 1.04 மீட்டர் போகவேண்டும். குறுக்கு வேகம் 0.27 மீட்டர். பத்து மீட்டர் ஒதுங்க 37 நொடி. 30 டிகிரி திறந்தால் குறுக்கு வேகம் 0.58, பத்து மீட்டருக்கு 17 நொடி போதும். ஆனால் எஞ்சின் வேகத்தையும் 1.15க்கு ஏற்றவேண்டும். இங்கேதான் விபத்து நடக்கிறது. 1.04லேயே விட்டுவிட்டு முகத்தை 45 டிகிரி வரை விட்டால், எதிர்ப்பங்கு 0.73 ஆகிப் படகு நொடிக்குக் கால் மீட்டருக்கு மேல் பின்னால் போகும். பின்னால் கட்டியிருக்கும் படகின் முகப்பு நங்கூரம் உங்கள் பின்பலகையைத் துளைக்க அது போதும்.

உண்மையிலேயே நீர் தள்ளுவது ஒரே கட்டத்தில்: முன்கயிறு கரையில் கட்டப்பட்ட பிறகு. கயிறு பிடித்துக்கொள்கிறது, நீர் படகைக் கடந்து ஓடுகிறது, முகம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் உடல் ஒதுங்குகிறது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, எஞ்சினே இல்லாமல் அக்கரை போகும் படகுகள் இந்த விசையில்தான் ஓடுகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் குழம்புவார். 'நீர்த்தள்ளல்' அந்தக் கம்பிப்படகுக்கு இருக்கட்டும்.

எண்ணூரிலிருந்து

'ஒதுக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. இட ஒதுக்கீட்டு அரசாணையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புவோம். முன்னொட்டு என்ன என்பதுதான் கேள்வி. தனிமடலில் ஒருவர் 'ஆற்றுமேல் ஒதுக்கு' என்றார். கழிமுகத்தில் அது தவறாகிவிடும். எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் ஓதம் ஏறும்போது தண்ணீர் கடலிலிருந்து உள்ளே ஓடும். அப்போது எதிரே நிறுத்துவதென்றால் முகம் கடலைப் பார்க்கவேண்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அதே துறையில் அதே படகு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். சென்னைக் கரையில் ஓதத்தின் வீச்சு ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், அவ்வளவு தண்ணீரும் குறுகிய வாய் வழியாகப் போய்வரவேண்டும் என்பதால் வாயருகே இழுப்பு பலமாக இருக்கும்.

'எதிரோட்டம்' என்ற முன்னொட்டும் வேண்டாம். பாலத்தூணின் பின்னாலும் துறைமுனையின் பின்னாலும் தண்ணீர் திரும்பிச் சுற்றி எதிர்த்திசையில் ஓடுமே, அதைத்தான் எதிரோட்டம் என்று படிப்பார்கள். இது வெறும் சொற்குழப்பம் இல்லை. ஒதுங்கி வரும்போது முகப்பு அந்தச் சுழலுக்குள் நுழைந்துவிட்டால், முன்பாதியைத் தண்ணீர் ஒரு பக்கமும் பின்பாதியை மறுபக்கமும் இழுத்துப் படகு நின்ற இடத்தில் சுழலும். ஒரே பத்தியில் இரண்டையும் விளக்கவேண்டி வரும், ஒரே சொல் எப்படி உதவும்?

கையேட்டில் இவற்றையும் சேருங்கள். கரையை ஒட்டி நீர் மெதுவாக ஓடும். ஆகவே நடுவில் சரியாக இருந்த ஆக்சிலேட்டர் அளவு துறையருகே அதிகமாகிப் படகு முன்னால் பாயும். நெருங்க நெருங்க எஞ்சினையும் கோணத்தையும் சேர்த்தே குறைக்கவேண்டும். துறை தூண்கள்மேல் நிற்பதாக இருந்தால் நீர் அடியில் புகுந்து ஓடும், தாழ்வான படகை உள்ளே இழுத்துத் தளத்துக்கடியில் சொருகிவிடும். அங்கே முழுக்க ஒட்டாமல் ஒரு கை தூரத்தில் நேராக்கிக் கயிறு கொடுப்பது நல்லது.

கயிற்றில் முதலில் முன்கயிறுதான். இதில் விலக்கே இல்லை. பின்கயிற்றை முதலில் கட்டினால், முகத்தைத் தண்ணீர் வெளியே பிடுங்கி அரைவட்டம் அடித்து, படகு முன்பின் மாறித் திரும்பித் துறையில் மோதும். முன்கயிறு கட்டி இறுகும்வரை எஞ்சினைக் கியரிலேயே வைத்திருக்கவேண்டும்.

காற்றையும் மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவத்தில், கூரை போட்ட உயரமான சுற்றுலாப் படகைத் தண்ணீரைவிடக் காற்று அதிகம் இழுக்கும். துறைக்கு எதிரே நியூட்ரலில் விட்டு எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்த்தால், எதற்கு எதிரே முகம் வைப்பது என்பது தெரிந்துவிடும்.

மயிலாப்பூரிலிருந்து

ஒரு சின்னப் பரிந்துரை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதை ஒருக்களித்து வைப்பது என்கிறோம். முகத்தைச் சிறு கோணம் திறப்பதற்கு 'ஒருக்களிப்பு' பொருந்தாதா? இல்லையென்றால், துறையில் சேர்ப்பதை 'அணைப்பது' என்பதால் 'எதிர் அணைப்பு'?

காசிமேட்டிலிருந்து

ஒருக்களித்தல் கோணத்துக்கு மிகச் சரி அம்மா. ஆனால் ஒருக்களித்துப் படுப்பதும் அதே சொல், திரும்பவும் படகு சாய்கிற வம்பு வரும். 'அணைப்பு' உள்ளே வருவதற்கு மட்டும் பொருந்தும். இதே முறையில்தான் துறையைவிட்டு வெளியேயும் வருகிறோம்: பின்கயிற்றை முதலில் அவிழ்த்து, முன்கயிற்றைக் கடைசியாக எடுத்து, முகத்தை வெளிப்பக்கம் பத்து டிகிரி திறந்தால் முன்பின் படகுகளைத் தொடாமல் நடுநீருக்கு ஒதுங்கும். 'ஒதுக்கு' என்றால் இரண்டுக்கும் ஆகும். கரைக்கு ஒதுக்கு, நடுவுக்கு ஒதுக்கு.

அடையாற்றிலிருந்து

அப்படியானால் 'எதிர்முக ஒதுக்கு' என்று வைக்கிறேன். 'எதிர்முகம்' படகின் நிலையைச் சொல்கிறது, ஆற்றுமேலா கடல்பக்கமா என்று கட்டாயப்படுத்தவில்லை, நீரா காற்றா என்பதையும் திறந்தே விடுகிறது. திறக்கும் கோணத்துக்கு 'ஒதுக்குக் கோணம்', இடம் மாறாமல் வைக்கும் எஞ்சின் அளவுக்கு 'நிற்கும் வேகம்'. துறையில் கத்துவதற்கு வெறும் 'ஒதுக்கு' போதும்.

முகம் நீரோட்டத்தின் திசையில் இருக்க, ரிவர்ஸில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவதும் உண்டு. துடுப்புப் படகில் அது நன்றாக வரும். விசைப்படகில் சுழலி (புரொப்பெல்லர்) பின்னோக்கி வலுவாக இழுக்காது, சுக்கானும் சொன்னபடி கேட்காது. அதற்குப் 'பின்முக ஒதுக்கு' என்ற பதிவு மட்டும் இருக்கும், செய்முறை எழுதவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் அச்சுக்குப் போகும்.